பழைய சேலையும் ஒரு பிஸ்கட் டின்னும்

(காரைக்குடியில் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்களின் கூட்டத்தில், தையல் பயிற்சி அளித்துவரும் பெண்மணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

வயசுல பெரியவங்க நிறையப் பேர் முன் வரிசையில உட்கார்ந்திருக்கீங்க. உங்களுக்கு முன்னாடி நான் நின்னு, பழைய சாமானை எப்படித் திரும்பப் பயன்படுத்துறதுன்னு சொல்றது, கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதைதான். ஆனாலும் கூப்பிட்டுட்டாங்க, வந்துட்டேன்.

என்னிடம் கொடுத்த தலைப்பு, ‘வீட்டுப் பொருட்களை மறுபடி பயன்படுத்திப் பணத்தை மிச்சப்படுத்துவது எப்படி’ என்பது. மிச்சம் பிடித்த கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் இழந்த கதை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் ஏதோ கெட்டிக்காரி மாதிரித் தெரியும். நான் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை.

எங்கம்மா இந்தப் பக்கத்துல ஒரு ஆச்சி வீட்டுல சமையல்கட்டுல வேலை பார்த்தாங்க. சின்னப் பிள்ளையா இருக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கதான் போவேன். முகப்பு, வளவு, ரெண்டாம் கட்டுன்னு தெருவுக்குத் தெரு நீளுற வீடு. பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி சலவைக்கல் எல்லாம் உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டாம். ஆனா அந்த வீட்டுல நான் பார்த்து ஆச்சரியப்பட்டது தூணை இல்லை. அந்த வீட்டு ஆச்சி ஒரு சணல் துண்டைக்கூட வெளியில எறிய மாட்டாங்க.

கடையில் பொட்டலம் கட்டி வரும் நூலை அவிழ்த்து, ஒரு குச்சியில் சுற்றி வைத்துக்கொள்வார்கள். அய்யாவின் வேட்டி கிழிய ஆரம்பித்தால் அது முதலில் மொட்டை மாடிக்குப் போகும். கூழ் வற்றல் ஊற்ற அதைவிட நல்ல துணி கிடையாது. காய்ந்ததும் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தால் வற்றல் முழுசாக வரும். இரண்டு மூன்று வெயிலுக்கு அப்புறம் அதே வேட்டி வடிகட்டும் துணியாகும். பிறகு விளக்குத் துடைக்கும் துணி. கடைசியில் திரி. ஒரு வேட்டி கண் முன்னாலேயே சாம்பலாகிற வரைக்கும் உழைக்கும். மழை பெய்தால் வளவுக் கூரையிலிருந்து விழும் தண்ணீரை அண்டாவில் பிடிப்பார்கள். அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு. புளிச் சக்கை பித்தளைக்கு. தேங்காய் நார் கரிப் பாத்திரத்துக்கு.

கப்பல் ஏறி வட்டித் தொழில் செய்த குடும்பம். வசதிக்குக் குறைவில்லை. நான் ஒரு நாள் அம்மாவிடம், “இவங்களுக்கு என்னம்மா குறை, ஏன் நூலைப் போய்ச் சேர்த்து வைக்கிறாங்க?” என்று கேட்டேன். “சேர்த்து வச்சதாலதான் குறை இல்லடி” என்றார் அம்மா. அது முழு உண்மை இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது எத்தனையோ குடும்பங்கள் நிலம், கடை, பணம் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பின. நூல் சேர்த்ததெல்லாம் அதற்கு எந்த மூலைக்கு? ஆனால் திரும்பி வந்த பிறகு பல வீடுகள் சமாளித்து நின்றதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள். பூட்டிக் கிடந்த வீடுகளில் சில இடிந்தன, சிலவற்றைப் பிரித்து விற்றார்கள். தூண், கதவு, நிலை, எனாமல் சட்டி, மங்குத் தட்டு, ரவிவர்மா படம், ஊறுகாய் ஜாடி என்று எல்லாம் நம்ம முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன. வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் அதைத் தேடி வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். நமக்குப் பழசு, அவர்களுக்குப் புதையல்.

அந்த ஆச்சி, வேலையை விட்டு நிற்கும்போது எங்கம்மாவுக்கு ரெண்டு ஜாடி கொடுத்தாங்க. கீழே வெள்ளை, மேல பழுப்பு. ஆளுக்கு முழங்கால் உயரம் வரும். அம்மா காலத்துக்குப் பிறகு அது என் வீட்டுக்கு வந்துச்சு. 2017ல என் வீட்டுக்காரருக்குக் கால் முறிஞ்சு ஆறு மாசம் வேலைக்குப் போகலை. மகளோட சங்கிலியை 20,000 ரூபாய்க்கு அடகு வச்சேன். அதே வாரம் பழைய சாமான் எடுக்கிறவர் ஒருத்தர் வாசல்ல வந்தார். கையில் காசில்லாத நேரம். ரெண்டு ஜாடியும் சேர்த்து 300 ரூபாய். மறுபேச்சு பேசாம கொடுத்துட்டேன். அந்தக் காசுல ஊறுகாய்க்குன்னு மூணு பிளாஸ்டிக் டப்பா வாங்கினேன், அதுதான் பெரிய கூத்து.

ஒரு மாசம் கழிச்சு ஒரு கடையில அதே ஜாடி. அடியில எங்கம்மா சுண்ணாம்பால போட்ட அடையாளம்கூட இருந்துச்சு. விலை கேட்டேன். ஒன்னு 1,500 ரூபாய்.

அவர் என்னை ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. நான் விலை சொல்லவில்லை, அவர் சொன்னார், நான் சரி என்றேன். கடைக்காரர் வாங்கிக் கழுவி வாடகை கொடுத்து வைத்திருக்கிறார், அவருக்கும் லாபம் வேண்டும். நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். விற்பதற்கு முன்னால் ஒரு நாள் பொறுத்திருக்கலாம். பஸ் ஏறிப் போய் மூன்று கடையில் விலை விசாரித்திருக்கலாம். அவசரத்தில் இருக்கிறவளுக்குப் பொறுமை வராது, அது எனக்கும் தெரியும். அதனால்தான் அவசரம் வராத நாளில் இதைச் சொல்கிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பரணைப் பாருங்கள். என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆச்சி வீடுகளில் கல்யாணச் சீருக்குச் சாமான் கணக்கு எழுதி, பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பார்களே, அது மாதிரி. நம்மிடம் நாலு பாத்திரம்தான் இருக்கும், பரவாயில்லை.

பரணில் பாத்திரம் மட்டும் இருக்காது, காகிதமும் இருக்கும். அதைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் ரொம்ப அலட்சியமாக எடைக்குப் போடுவது காகிதத்தைத்தான்.

இங்கே பக்கத்தில் கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1950 வாக்கில் பழைய புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார். புத்தகம் மட்டுமா? பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்த எல்லாவற்றையும் சேர்த்தார். அவர் 1992ல் காலமான பிறகு, அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியும் அமெரிக்காவுக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. 1994ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள். இன்றைக்குத் தமிழைப் பற்றி ஆராய்ச்சி செய்ய உலகத்தில் எங்கிருந்து வந்தாலும் அந்த வாசலுக்குத்தான் வருகிறார்கள். எல்லாம் நம்ம ஊர்ப் பக்கம் ஒருவர் வீட்டில் அடுக்கி வைத்திருந்த பழைய காகிதம்.

அதனால் பரணில் ஓலைச்சுவடி, பழைய கணக்கு நோட்டு, பர்மா, மலேயா, இலங்கையிலிருந்து வந்த கடிதம், பழைய பாட்டுப் புத்தகம் கிடைத்தால் எடைக்குப் போடாதீர்கள். பிள்ளைகள் படிக்கிற கல்லூரியில் தமிழ் ஆசிரியர் இருப்பார், முதலில் அவரிடம் காட்டுங்கள். இன்னொரு விஷயம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், கலைப்பொருள் எல்லாம் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். சுவடிக்கு 75 ஆண்டுதான் கணக்கு. தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. “நல்ல விலை தர்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று ஒருவர் பேசினால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

சரி, துணிக்கு வருவோம். அது என் தொழில், அதனால் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூடப் பல ஊர்களில் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பீரோவில் அஞ்சு பழைய சேலை இருக்கிற வீட்டில் பை எதற்கு வாங்க வேண்டும்?

கணக்கைக் கேளுங்கள். ஒரு சேலை அஞ்சரை மீட்டர், அதாவது 216 அங்குலம். அகலம் 45 அங்குலம். 16 அங்குல அகலம், 34 அங்குல நீளத்தில் துண்டு வெட்டி இரண்டாக மடித்தால் ஒரு பை. நீளவாக்கில் 13 துண்டு வரும், ஓரம் கிழிந்திருக்கும் என்பதால் 12 என்று வையுங்கள். அகலத்தில் 11 அங்குலம் மிச்சம் நிற்கும். அதை மூன்று அங்குலப் பட்டையாகக் கிழித்தால் எல்லாப் பைக்கும் கைப்பிடி கிடைத்து, பட்டை மீந்தும் போகும். அந்த மீந்த பட்டையைப் பின்னி, கால் மிதியடி. அடிப்பக்கத்தில் இரட்டைத் தையல் போடுங்கள், கைப்பிடி ஒட்டும் இடத்தில் பெருக்கல் குறி மாதிரித் தையல் போடுங்கள். அஞ்சு கிலோ அரிசி தாங்கும். நைலக்ஸ், சிந்தெடிக் சேலை பைக்கு நல்லது, நனைந்தாலும் சீக்கிரம் காயும். பருத்திச் சேலையைப் பைக்கு வெட்டாதீர்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

நம்ம கண்டாங்கிச் சேலை இருக்கிறதே, 2019ல் புவிசார் குறியீடு வாங்கியது, அது கெட்டியான பருத்தி. அதைக் கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, கடைசியில் எவ்வளவு மெதுவாக ஆகும் என்று கட்டியவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பழைய பருத்திச் சேலைதான் தொட்டில், பிள்ளைக்கு இடுப்புத் துணி, போர்வை. இரண்டு மூன்று சேலையை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நாலு ஓரமும் அடித்து, கை ஊசியால் நீளமாக ஓட்டுத் தையல் போட்டால் போர்வை. நல்லாத் தைக்கிற பெண் நாலு மத்தியானத்தில் முடிப்பாள். பிள்ளைக்குப் போடும் துணியும், மாதவிலக்குக்குப் பயன்படுத்தும் துணியும் மட்டும் நல்ல வெயிலில் காய வேண்டும். வெட்கப்பட்டு உள் அறையில், மற்ற துணிக்கு அடியில் காயப்போடாதீர்கள். ஈரம் நிற்கும், தொற்று வரும். துணி காய்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கொட்டானையும் சொல்லணும். பனை ஓலையில் ஆச்சிகள் பின்னும் கூடை. விசேஷத்தில் பலகாரம் வைத்துக் கொடுப்பது அதில்தான். வாங்கிக்கொண்டு போனவர்கள் வெங்காயம் போடுவார்கள், பூ வைப்பார்கள், வருஷக்கணக்கில் இருக்கும். நடுவில் பிளாஸ்டிக் வந்து அந்தக் கை வேலை மறைகிற நிலைக்குப் போனது. எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து அதை மீட்டது. இப்போது அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. தாம்பூலப் பை என்று பிளாஸ்டிக் டப்பா கொடுக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்த டப்பா மறுநாள் எங்கே போகிறது என்று பாருங்கள்.

சமையல்கட்டு பற்றி உங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம் என்பதால் வேகமாகப் போகிறேன். முற்றிய பீர்க்கங்காய் கூடு, குளிக்கவும் பாத்திரம் தேய்க்கவும். எலுமிச்சைத் தோலும் உப்பும் செம்புக்கு. காய்கறித் தோல், காய்ந்த இலை இரண்டையும் ஓட்டை போட்ட மண் தொட்டியில் மாற்றி மாற்றிப் போட்டால் ரெண்டு மாசத்தில் உரம். ரொம்ப ஈரமாக இருந்தால் நாறும், அப்போது இலையைக் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

ஆனால் எண்ணெய் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். இங்கே பாதிப் பேர் பலகாரம் போடுகிறவர்கள். தேன்குழல், சீப்புச் சீடை, கந்தரப்பம் என்று ஆர்டர் எடுத்துச் செய்கிறீர்கள். மிஞ்சிய எண்ணெயை அடுத்த ஈடுக்கு, அதற்கடுத்த ஈடுக்கு என்று ஊற்றிக்கொண்டே போவது சிக்கனம் இல்லை. 2018 ஜூலை 1 முதல் இதற்குச் சட்ட வரம்பு இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயில் போலார் சேர்மங்கள் என்று ஒன்று சேரும், அது 25 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்தால், நுரை கட்டினால், சீக்கிரம் புகைந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். கசடு வடிகட்டிக் கதவுக் கீலுக்குப் போடலாம். நிறையச் சேர்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பயோடீசல் தயாரிக்க அதை வாங்கும் ஏற்பாடு இருக்கிறது. சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள்.

மறுபடி பயன்படுத்துவதில் ஆபத்தும் உண்டு. இதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

எங்க தெருவுல ஒரு வீடு. கலர் பாட்டில் காலியானா கழுவி வச்சுக்குவாங்க, நல்ல பழக்கம்தான். ஒரு பாட்டில்ல பினாயில் ஊத்தி வச்சிருந்தாங்க. மூணு வயசுப் பையன். வெயில்ல விளையாடிட்டு வந்தவன், கலர்னு நெனச்சு ரெண்டு மடக்குக் குடிச்சுட்டான். அவங்க பாட்டி உப்புத் தண்ணியைக் கரைச்சு வாந்தி எடுக்க வைக்கப் போனாங்க. நல்லவேளை பக்கத்து வீட்டுப் பிள்ளை நர்சிங் படிக்குது, ஓடி வந்து தடுத்துச்சு. பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் குடிச்சா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உள்ளே போகும்போது ஒருமுறை புண்ணாக்கினது, வெளியே வரும்போது இன்னொரு முறை புண்ணாக்கும், நுரையீரலுக்குள்ளயும் போயிடும். 108க்குப் போன் பண்ணி, அந்தப் பாட்டிலையும் கையில எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். அந்தப் பையன் பத்து நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தான். இப்ப பள்ளிக்கூடம் போறான். ஆனா அந்தப் பாட்டி இன்னைக்கும் அந்தத் திண்ணையில உட்கார மாட்டாங்க.

ஆகவே குடிக்கிற பாட்டிலில் குடிக்கக் கூடாததை ஊற்றாதீர்கள். பூச்சி மருந்து டப்பா, பெயின்ட் வாளி எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் பிடிக்க ஆகாது. பெயின்ட் வாளியில் செடி வையுங்கள், அதிலும் கீரை வேண்டாம், பூச்செடி வையுங்கள். எனாமல் சட்டி அழகாக இருக்கும். ஆனால் பூச்சு பெயர்ந்திருந்தால் புளிக்குழம்பு, ஊறுகாய் வைக்காதீர்கள். பழைய எனாமலின் நிறத்தில் ஈயமும் காட்மியமும் இருக்க வாய்ப்புண்டு. பித்தளைப் பாத்திரம் ஈயம் பூசாமல் புளி சமைக்கக் கூடாது என்பது நம்ம பாட்டிகளுக்கே தெரியும். ஈயம் பூசுகிறவரை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது, தெருவுக்கு வந்தால் அவரைச் சும்மா அனுப்பாதீர்கள்.

அப்புறம் ஆட்டுக்கல். கிரைண்டர் வந்ததும் கொல்லையில் தூக்கிப் போட்டோம். மழைத் தண்ணீர் நிற்கிறது. அந்தக் குழியில்தான் டெங்கு கொசு முட்டை இடுகிறது. டயர், கொட்டாங்குச்சி, உரல் எல்லாம் அப்படித்தான். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை கவிழ்க்க வேண்டும். கவிழ்க்க முடியாத ஆட்டுக்கல்லில் மணலை நிரப்பி, மேலே துளசித் தொட்டியை வைத்துவிடுங்கள். டயரில் செடி வைக்கிறவர்கள் அடியில் நாலு ஓட்டை போடுங்கள். பேட்டரி, பல்பு, காலாவதியான மாத்திரை இவற்றில் ஒன்றும் செய்ய முயற்சிக்காதீர்கள். நம்ம ஊரிலேயே 1953 முதல் மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, பேட்டரி ஆராய்ச்சி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாம் அதைத் தனியாகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தால் போதும். 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. கண்ணாடித் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். வாங்குகிறவருக்கும் கை இருக்கிறது.

வீடு கட்டுகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். பிரித்த வீட்டுத் தேக்கு ஜன்னல், நிலை கிடைத்தால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொக்கை சத்தம் வந்தால் செல் அரித்திருக்கிறது. ஆணி எல்லாம் பிடுங்கிய பிறகு ஆசாரியிடம் காட்டி விலை பேசுங்கள். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிறார்கள். பெயர்க்கும்போது உடைந்தாலும் நிறம் போகாது. உடைந்த துண்டை வாசல்படியில், துளசி மாடத்தில், பாத்ரூம் தரையில் பதிக்கலாம். எங்க வீட்டு வாசல்ல அப்படித்தான் பதிச்சிருக்கேன். பார்க்கிறவங்க டிசைன்னு நெனக்கிறாங்க.

நமக்கு வேண்டாத, ஆனால் நல்ல நிலையில் இருக்கிற சாமானுக்கும் வழி இருக்கிறது. 2023 மே மாதம் நகரங்களில் குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி மையங்களைத் தொடங்கும் இயக்கத்தை மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் ஆரம்பித்தது. துணி, புத்தகம், பொம்மை, செருப்பு கொடுக்கலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நம்ம காரைக்குடி 2024ல் மாநகராட்சி ஆகியிருக்கிறது. உங்கள் வார்டுக்கு எந்த இடம் என்று மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டு, அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் சொல்லுங்கள். கிழிந்ததைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். துவைத்து, பட்டன் தைத்துக் கொடுங்கள்.

இப்போது அந்த மிச்சம் பிடித்த கதை.

சங்கிலி அடகுல இருக்குன்னு சொன்னேன் இல்லையா? வட்டியை மட்டும் கட்டிக் கட்டி ரெண்டு வருஷம் ஓடுச்சு. 2019 பொங்கலுக்கு முன்னாடி, பிளாஸ்டிக் தடை வந்த நேரம், சும்மா ஒரு நோட்டு போட்டேன். வாங்காம விட முடியற சாமான் எதுன்னு எழுதினேன். பாத்திரம் தேய்க்கிற ஸ்க்ரப்பர் மாசம் 40 ரூபாய். தரை துடைக்கிற துணி, கரித்துணி 90. கடையில வாங்குற பை 60. பிளாஸ்டிக் டப்பா, மாசத் தவணையில ஒருத்தர்கிட்ட வாங்கிட்டு இருந்தேன், 150. செடிக்கு உரம் 50. டிஷ்யூ பேப்பர், சின்னச் சின்னது 40. கூட்டினா 430. வருஷத்துக்கு 5,160 ரூபாய்.

எழுதிட்டா மட்டும் காசு மிஞ்சாது. இதை நல்லாக் கவனிங்க. ஸ்க்ரப்பர் வாங்காத 40 ரூபாய் பூ வாங்கப் போயிடும். அதனால எங்கம்மா காலத்துப் பிஸ்கட் டின் ஒன்னு இருந்துச்சு, ஊசி நூல் போட்டு வச்சது. அதைக் காலி பண்ணினேன். எந்தச் சாமானை வாங்காம விடுறேனோ, அந்தக் காசை அன்னைக்கே அதுல போட்டேன். போடலைன்னா மிச்சம் பிடிச்சதா கணக்கு இல்லைன்னு எனக்கு நானே சட்டம். என் வீட்டுக்காரர் சிரிப்பார். “கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசை டின்னுக்குக் கொடுக்கிறா” என்பார். சிரிக்கட்டும்.

வட்டியைத் தையல் கூலியில் கட்டினேன். டின் காசு முழுசும் அசலுக்கு. 2019ல 5,000 கட்டினேன். கொரோனா வருஷம் பாதிதான் சேர்ந்துச்சு, 2,500. அடுத்த ரெண்டு வருஷமும் 5,000, 5,000. 2023 ஆடி மாசம் கடைசி 2,500 கட்டிச் சங்கிலியை வாங்கிட்டு வந்தேன். மகள் கழுத்துல போட்டப்போ, ‘இது கரித்துணியில வந்த சங்கிலி’ன்னு சொன்னா. அவளுக்குக் கிண்டல் அதிகம்.

ஜாடி ரெண்டும் போனது போனதுதான். அந்தக் கடைப் பக்கம் போகும்போது இப்பவும் உள்ளே எட்டிப் பார்ப்பேன், வேற யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க. யார் வீட்டுலயாவது மாங்காய் ஊறிக்கிட்டு இருந்தா சரி. ஹோட்டல் வரவேற்பறையில அழகுக்கு நிக்குதுன்னா அதுக்கும் நான் என்ன செய்ய?

கேள்வி கேட்கணும்னா இப்பக் கேளுங்க. தைக்கிறதைக் கேள்வியில சொல்ல முடியாது, அதனால வர்ற வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு இதே இடம். ஆளுக்கு ஒரு பழைய சேலை, துவைச்சுக் காயவச்சுக் கொண்டு வாங்க. ஜரிகைச் சேலை வேண்டாம், அதை ஜரிகை எடுக்கிறவர்கிட்ட விலை கேட்காம வெட்ட விடமாட்டேன். ஊசி, நூல் நான் கொண்டு வர்றேன். கத்தரிக்கோல் மட்டும் அவங்கவங்க எடுத்துட்டு வந்துடுங்க. போன தடவை என்னுடையது ஒன்னு யார் பையிலேயோ போயிடுச்சு, அதையும் தேடிப் பாருங்க.